துண்டு போர்த்திய ரோபோ

எங்கள் வீட்டு பீரோ மேல் ஒரு ரோபோ பொம்மை இருக்கிறது. வெள்ளை உடம்பு, நீலக் கண், தலையில் இரண்டு விளக்கு. 2021-ல் என் மகளின் ஆறாவது பிறந்தநாளுக்கு ரூ.11,800 கொடுத்து வாங்கியது. அது ஓடியது மொத்தம் 11 நாள்.

அலுவலகத்தில் மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் வந்து, "உங்க பொண்ணு சின்ன வயசுலேயே கோடிங் ஆரம்பிச்சுட்டாளாமே, எந்த ரோபோ வாங்கிக் குடுத்தீங்க?" என்று கேட்கிறார்கள். இத்தனை நாளும் ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த 11 நாளில் நான் செய்ததை மறைத்துவிட்டுப் பெயரை மட்டும் சொல்வது ஏமாற்றுவதுதான். அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். சென்னை ஓ.எம்.ஆரில் 16 வருடமாக இதே வேலை. டெவலப்பர்கள் எழுதிக் கொடுப்பதை எடுத்து, எங்கே உடைகிறது என்று தேடுவேன். "இன்ன இடத்தில் இதை அழுத்தினால் இப்படி ஆகிறது" என்று பக் எழுதி அனுப்புவேன். அதோடு என் பங்கு முடிந்தது. திருத்த வேண்டியவர் எழுதியவர்தான். அவரே உட்கார்ந்து திருத்தினால்தான் அடுத்த தடவை அதே இடத்தில் கை தயங்கும். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இதைப் பலமுறை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் வீட்டு ஹாலில் மட்டும் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

2020 ஊரடங்கில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. செல்போனைத் திறந்தால், சின்னப் பிள்ளைகளுக்கு இப்போதே கோடிங் கற்றுக்கொடுக்காவிட்டால் எல்லாம் போச்சு என்கிற மாதிரி விளம்பரங்கள். அந்த ஜூலையில் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் ஆறாம் வகுப்பிலிருந்து கோடிங் என்றது. என் மகள் அப்போது யு.கே.ஜி. ஆறாம் வகுப்புக்கு இன்னும் ஆறு வருடம் இருந்தது. எனக்கோ ஆறு நாள்கூட இல்லாத மாதிரி பதற்றம். இந்தத் துறையில் இருக்கிற நானே என் பிள்ளையைப் பின்தங்க விட்டுவிடுவேனோ என்ற பயத்தில், இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக ரோபோ பொம்மைகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். எந்தப் பெட்டியில் "இதெல்லாம் செய்யும்" என்ற பட்டியல் நீளமாக இருந்ததோ அதையே வாங்கினேன். பாடும், ஆடும், பேசினால் திரும்பிப் பேசும், கோடு போட்டால் கோட்டின் மேலேயே போகும். டேப்பில் ஒரு ஆப். அதில் கட்டங்களை இழுத்து அடுக்கினால் ரோபோ நகரும். சரியாக அடுக்கினால் மூன்று நட்சத்திரம்.

முதல் இரண்டு நாள் அவளுக்குக் கொண்டாட்டம். ரோபோவைப் பாட வைத்தாள், ஆட வைத்தாள். மூன்றாம் நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சாப்பாட்டு மேசையின் ஒரு காலைச் சுற்றிவிட்டு ரோபோ திரும்பி வர வேண்டும். அவள் மேசைக்கு இந்தப் பக்கம், ரோபோ அவளைப் பார்த்தபடி அந்தப் பக்கம். அது தன் இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் அவள் வலது அம்பை இழுத்து வைத்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் அது வலதுதான். ரோபோ சுவரைப் பார்த்துப் போனது. "லெஃப்ட் பாப்பா, லெஃப்ட்!" என்றேன். அவள் தன் இடது கையைப் பார்த்தாள், ரோபோவைப் பார்த்தாள், மறுபடியும் வலது அம்பையே வைத்தாள். மூன்றாவது தடவையும் அது சுவரைப் பார்த்தே போனபோது அவள் கையிலிருந்து டேப்பை வாங்கி, அம்பை மாற்றி வைத்து, நானே ஓடவிட்டேன். "வாங்கி" என்று நான் எழுதுகிறேன். ஹாலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார், அவளுடைய ஆச்சி, வேறு மாதிரி சொன்னார்: "ஏம்மா, நீ எதுக்கு அவ கையில இருந்து புடுங்குத? பிள்ள பாத்துக்கிடும்லா."

மூன்று நட்சத்திரம் வந்தது. நான் கைதட்டினேன். அவள் தட்டவில்லை.

அதற்கடுத்த நாட்களில் நடந்ததும் இதேதான். அவள் ஒரு கட்டத்தை வைப்பதற்குள் என் விரல் திரைக்கு வந்துவிடும். ஒன்பதாம் நாள், ரோபோ ஹாலில் எட்டு போட்டு ஓடுவதை வீடியோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "பாப்பாவே தனியா புரோகிராம் பண்ணினது" என்று கீழே எழுதினேன். அதில் ஒரு கட்டம்கூட அவள் வைத்ததில்லை. இதயமும் கைதட்டலுமாகக் குழு நிறைந்தது. அன்று ராத்திரி திருச்சியிலிருந்து என் தம்பி போன் செய்து அவளைப் பாராட்டினான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. "நான் பண்ணல மாமா, அம்மாதான் பண்ணினாங்க" என்றாள். கோபமோ அழுகையோ இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் சொன்னாள். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் ரோபோ ஹால் மூலையில் இருந்தது. தலையோடு சேர்த்து ஒரு சின்னத் துண்டு போர்த்தியிருந்தது. "ஏன் பாப்பா மூடி வச்சிருக்க?" என்று கேட்டேன். "அது தூங்குது. எழுப்பாதீங்க." அதற்குப் பிறகு அவள் அதை எழுப்பவே இல்லை. நான் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். "நீங்க விளையாடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஆச்சியிடம் போய்விட்டாள்.

அந்த வாரம்தான் சீமோர் பேப்பர்ட் எழுதிய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' புத்தகத்தைப் படித்தேன். 1980-ல் வந்தது. என் துறைக்காரர்கள் பெயரளவில் எல்லோரும் அறிந்த புத்தகம். நானும் அதுவரை பெயரளவில்தான் அறிந்திருந்தேன். தென்னாப்பிரிக்காவில் பிறந்த பேப்பர்ட், குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த பியாஜேயிடம் ஜெனிவாவில் சில வருடங்கள் வேலை செய்துவிட்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போனவர். 1967-ல் வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோரோடு சேர்ந்து குழந்தைகளுக்காக 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார். லோகோவின் கட்டளைப்படி தரையில் நகர்ந்து, பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போகும் ஒரு இயந்திரத்தையும் அடுத்த சில வருடங்களில் செய்தார்கள். அதற்கு ஆமை என்று பெயர். இன்று கடையில் விற்கிற கோடிங் ரோபோ எல்லாமே ஏதோ ஒரு வழியில் அந்த ஆமையின் வாரிசுதான்.

ஆமை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியாமல் தவிக்கும் குழந்தையிடம் விடையைச் சொல்லாதீர்கள், எழுந்து ஆமையைப் போல நடந்து பார்க்கச் சொல்லுங்கள் என்கிறார் பேப்பர்ட். அதைப் படித்தபோது எங்கள் மேசைக் கால் கண்முன் வந்தது. அவள் எழுந்து ரோபோவின் பின்னால் போய் நின்றிருந்தால் போதும். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. பக் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடம் தவறை அழிக்க வேண்டிய ஒன்றாகப் பழக்கிவிடுவதால், பிள்ளைகள் தப்பான புரோகிராமைத் திருத்தாமல் ஒரேயடியாக அழித்துவிடப் பார்க்கிறார்கள் என்கிறார். என் மகளுக்கு அழிக்கும் சிரமம்கூட இல்லை. அவள் தப்பு செய்து முடிக்கும் முன்பே அதை நான் எடுத்துவிட்டேன்.

அந்தப் புத்தகத்தின் முன்னுரையில் இருக்கும் ஒரு விஷயத்தை ரோபோ வாங்கப் போகும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். சின்ன வயதில் பேப்பர்ட்டுக்குப் பல் சக்கரங்கள் மேல் உயிர். பின்னாளில் பெருக்கலையும் சமன்பாட்டையும் அந்தச் சக்கரங்களை வைத்தே மனதுக்குள் புரிந்துகொண்டாராம். அப்படியானால் எல்லாக் குழந்தைக்கும் பல் சக்கரம் வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று யாராவது கிளம்பினால், விஷயத்தையே தவறவிட்டவர்கள் ஆவார்கள் என்கிறார். அவர் சக்கரத்தைத் தானாகப் போய் நேசித்தார், யாரும் அவருக்கு அதைப் பாடமாக வைக்கவில்லை. நான் ரூ.11,800-க்கு வாங்கி வந்தது என் ஆசையை.

2022 ஆடி மாதம் லண்டனிலிருந்து என் நாத்தனார் வந்தாள். அங்கே ஒரு தொடக்கப்பள்ளியில் உதவி ஆசிரியை. இங்கிலாந்தில் 2014 செப்டம்பரிலிருந்து ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கே எளிய புரோகிராம் எழுதுவதும் அதில் பக் திருத்துவதும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதற்கு அங்கே பல பள்ளிகளில் 'பீ-பாட்' என்ற ரோபோவை வைத்திருக்கிறார்கள். பழைய மாடல் ஒன்றை அவள் எங்களுக்குக் கொண்டுவந்தாள்.

பார்க்க ஒன்றுமே இல்லை. மஞ்சளும் கறுப்புமாக, இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தேனீ. திரை கிடையாது, ஆப் கிடையாது, பாடாது. முதுகில் ஏழு பட்டன்: நான்கு அம்பு, நடுவில் பச்சையாகக் 'கோ', ஒரு நிறுத்தக் குறி, ஒரு பெருக்கல் குறி. முன் அம்பை ஒரு தடவை அமுக்கினால் 15 சென்டிமீட்டர், நம் கணக்கில் அரையடி, போகும். பக்க அம்பை அமுக்கினால் இருந்த இடத்திலேயே 90 டிகிரி திரும்பும். வரிசையாக 40 கட்டளை வரை ஞாபகம் வைத்திருக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. என் ரோபோவின் பெட்டியில் இருந்த பட்டியலில் அரை வரிகூட வராது. பிள்ளைக்கு இதில் என்ன இருக்கப் போகிறது என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தது என் அதிர்ஷ்டம்.

எங்கள் ஹாலில் 60 சென்டிமீட்டர் டைல்ஸ். "நாலு தடவை அமுக்கினா ஒரு டைல்ஸ் தாண்டுது" என்று முதல் சாயங்காலமே அவள் கண்டுபிடித்துவிட்டாள். ஆச்சி சாக்பீஸ் எடுத்துப் பாண்டிக்குக் கட்டம் போடுவதுபோல் ஒவ்வொரு டைல்ஸுக்குள்ளும் அரையடிக் கட்டங்கள் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் ஆச்சியின் வெற்றிலைப் பெட்டி வரை தேனீயை அனுப்புவது என்று முடிவானது. நேராக நான்கு கட்டம். நான்கு அமுக்கல், ஒரு கோ. போய் நின்றது, கண் மினுங்கியது. ஆச்சி பெட்டியைக் கட்டில் பக்கம் நகர்த்தி வைத்தார். மகள் தேனீயைத் தூக்கித் தொடங்கின இடத்திலேயே வைத்து, வலது ஒன்று, முன்னே நான்கு, கோ. தேனீ வலது திரும்பவில்லை. நேராக நான்கு கட்டம் போய், அதன் பிறகு வலது திரும்பி, நான்கு கட்டம் போய்ச் செருப்பு ஸ்டாண்டில் முட்டியது. அவள் திகைத்துப்போனாள். திரும்பவும் எடுத்து வைத்து அதே ஐந்து அமுக்கல். இந்தத் தடவை இன்னும் நீளமாக ஓடியது. ஒவ்வொரு முயற்சிக்கும் அதன் பாதை வளர்ந்துகொண்டே போனது.

எனக்குக் காரணம் தெரியும். பெருக்கல் குறியை அமுக்கிப் பழைய கட்டளைகளை அழிக்காவிட்டால், புதியவை பழையவற்றின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். உடன் வந்த தாளில் அது முதல் பக்கத்திலேயே இருந்தது. ஒரு வார்த்தை போதும். என் தொண்டை வரை வந்துவிட்டது. ஆச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தேன். 16 வருட வேலையில் இவ்வளவு கஷ்டமான ஒரு மணி நேரம் எனக்கு வாய்த்ததில்லை.

அவள் முதலில் தேனீயைத் திட்டினாள். அப்புறம் சக்கரத்தில் தலைமுடி சிக்கியிருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தாள். தண்ணீர் குடித்தாள். அழுகை வரப் பார்த்தது, வரவில்லை. பிறகு, அவள் ஏன் அதைச் செய்தாள் என்று எனக்கு இன்றும் தெரியாது, எந்த அம்பையும் அமுக்காமல் 'கோ'வை மட்டும் அமுக்கினாள். தேனீ பாட்டுக்குப் பழைய நீளப் பாதை முழுவதும் ஓடியது. அவள் அதன் பின்னாலேயே ஒவ்வொரு கட்டமாகக் குதித்து எண்ணிக்கொண்டே போனாள். "நாலு... திரும்பு... நாலு... திரும்பு... நாலு..." செருப்பு ஸ்டாண்டு அருகே நின்று திரும்பினாள்.

"அம்மா! இது எதையுமே மறக்கலம்மா! நான் முதல்ல சொன்னதுலேருந்து எல்லாத்தையும் வச்சுக்கிட்டு இருக்கு!"

பட்டன்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, பெருக்கல் குறியில் விரலை வைத்தாள். "இது மிஸ் தப்புக்குப் போடுற மார்க். இதை அமுக்கினா மறந்துடுமா?" யாரையும் எதிர்பார்க்காமல் அவளே அமுக்கினாள். வலது ஒன்று, முன்னே நான்கு, கோ. தேனீ கட்டில் பக்கம் போய் வெற்றிலைப் பெட்டியில் லேசாக இடித்து நின்றது. அந்தக் குழந்தை போட்ட கூச்சலுக்கு எதிர்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். வீடியோ எடுக்க எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் தெரிந்துகொண்ட ஒன்று. இதைப் போலவே பட்டனால் ஆமையை ஓட்டும் பெட்டி ஒன்றை, 1970களின் நடுவில், எழுதப் படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்காக எம்.ஐ.டி.யில் ரேடியா பெர்ல்மன் என்ற பெண் செய்திருக்கிறார். கணினி வலைப்பின்னல்களில் தகவல் சுற்றிச் சுற்றிச் சிக்கிக்கொள்ளாமல் இருப்பதற்கான வழிமுறையைப் பின்னாளில் உருவாக்கியவரும் அவர்தான். எங்கள் அலுவலக வலைப்பின்னலுக்கும் அவர் வேலைக்கும் தொடர்பு உண்டு என்பது எனக்கு அந்தரங்கமாக ஒரு சந்தோஷம்.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான். அந்தப் பொம்மைக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்காதீர்கள். பிள்ளை சொல்லாவிட்டால் அது சும்மா இருக்குமா, தப்பாகச் சொன்னால் தப்பாகவே செய்யுமா என்று பாருங்கள். தானாகப் பாடுகிற, தப்பைத் தானே சரிசெய்துகொள்கிற பொம்மையில் பிள்ளைக்குக் கையால் பிடிக்க ஒரு தப்பு இருக்காது. ஏழு எட்டு வயதுக்குக் கீழே என்றால் திரையில்லாததாகவே தேடுங்கள். மரக் கட்டைகளை வரிசையாக அடுக்கி, அவற்றில் உள்ள பார்கோடை ரோபோவிடம் காட்டி ஓட்டும் 'கீபோ' என்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மரீனா பெர்ஸ் நடத்திய ஆராய்ச்சியிலிருந்து வந்தது. நல்ல பொம்மைதான், ஆனால் இறக்குமதி. பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-ல் 70 ஆனதால் விலை கையைக் கடிக்கும்.

ஆப் இல்லாமல் ஓடாத ரோபோவாக இருந்தால், ஆப்பின் ஆயுள்தான் அதன் ஆயுள். பீரோ மேல் இருக்கிறதே, அதை மகள் என்றாவது கேட்பாள் என்று 2023-ல் புது போனில் இணைக்கப் பார்த்தேன். அந்த ஆப் கிடைக்கவே இல்லை. இப்போது அதன் தலை விளக்கு மட்டும் எரியும். பேப்பர்ட்டின் புத்தகப் பெயரைத் தாங்கி 1998-ல் வந்த லெகோவின் மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ வரிசையைக்கூட 2022 முடிவில் நிறுத்திவிட்டார்கள்.

2021 ஜனவரியிலிருந்து இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பார்த்து வாங்குங்கள். பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடியதாக இருக்கட்டும், முக்கியமாகப் பட்டன் பேட்டரி என்றால். குழந்தை அதை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். தம்பி தங்கை தவழ்கிற வீடு என்றால் இதை வேறு எதையும்விட முதலில் பாருங்கள்.

காசு இல்லையென்றால் ரோபோவே வேண்டாம், அப்பா போதும். இதை என் மகள்தான் ஆரம்பித்தாள். என் கணவரின் கண்ணை ரோபோவுக்குப் போர்த்திய அதே துண்டால் கட்டிவிட்டு, "மூணு அடி முன்னாடி, ரைட்ல திரும்பு, ரெண்டு அடி" என்று கட்டளை கொடுத்து, ஹாலிலிருந்து அடுக்களைக்கு அனுப்பித் தண்ணீர் எடுத்துவரச் சொல்வாள். சொன்னதை மட்டும் செய்ய வேண்டும், புத்தியை உபயோகிக்கக் கூடாது என்பது விதி. அப்பாவின் அடியும் தன் அடியும் ஒரே நீளம் இல்லை என்பதை அவள் கண்டுபிடித்தது அப்படித்தான், அவர் கால் விரலை நிலைப்படியில் இடித்துக்கொண்ட அன்று.

எந்தப் பொம்மை வாங்கினாலும், எத்தனை செலவு செய்தாலும், பக்கத்தில் என்னைப்போல் ஒரு கை நீண்டுகொண்டே இருந்தால் பயனில்லை. அந்தக் கையை எப்படி அடக்குவது என்று நான்கு வருடமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முழுதாக வசப்படவில்லை. சில நாள் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறேன்.

போன வருடம் அவளுக்கு மைக்ரோபிட் வாங்கினோம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சர்க்யூட் போர்டு. 25 சின்ன விளக்கு, இரண்டு பட்டன், அசைவை உணரும் கருவி. பிரிட்டன் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2016-ல் இலவசமாகக் கொடுப்பதற்காக பி.பி.சி. உருவாக்கியது. என் பழைய லேப்டாப்பில் கட்டங்களை அடுக்கி, வயரில் அதற்கு அனுப்பிவிட்டால் பிறகு பேட்டரியில் தனியாக ஓடும். ஆச்சிக்கு மூட்டுவலி, தினம் கொஞ்சமாவது நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குலுங்கினால் எண்ணிக்கையில் ஒன்று கூட்டு என்று புரோகிராம் எழுதி, ஆச்சியின் மணிக்கட்டில் அதைக் கட்டிவிட்டாள்.

முதல் நாள் ராத்திரி பார்த்தால் ஆயிரத்துக்கு மேல் காட்டியது. "ஆச்சி, இவ்வளவா நடந்தீங்க?" என்றாள். "நான் எங்கட்டி நடந்தேன், முறத்துல அரிசி பொடச்சிட்டுல்லா இருந்தேன்" என்றார் ஆச்சி. மகள் கொஞ்ச நேரம் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மைக்ரோபிட் மணிக்கட்டிலிருந்து கணுக்காலுக்கு இடம் மாறியது.

அன்று சாயங்காலம் நான் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஆச்சி தண்ணீர்த் தொட்டிக்கும் படிக்கட்டுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார், பக்கத்திலேயே அவள். பழக்க தோஷம், அந்தக் கால் எடுத்து வைத்த அடிகளை நானும் மனதுக்குள் எண்ணினேன். 208. நின்றதும் அவள் குனிந்து பார்த்தாள். விளக்கில் எண்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. 212. நான் ஒரு சேலையை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"பரவால்லட்டி, கணக்கு சரியாத்தான் காட்டுது" என்றார் ஆச்சி.

"இல்ல ஆச்சி. நானும் எண்ணினேன், 208தான். இந்த நாலு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல." ஆச்சியின் காலருகே உட்கார்ந்து நாடாவை இறுக்கினாள். "தொட்டிகிட்ட திரும்புறீங்கல்ல, அங்க மட்டும் மெதுவா திரும்புங்க. நான் பக்கத்துலயே வந்து பாக்கறேன்."

ஆச்சி முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்ப நடக்க ஆரம்பித்தார்.